ஊறிய ரத்தம் என்ன நிறம்?

வெள்ளைப் பனியன் ஒன்றில் மனித ரத்தத்தைத் தடவிக் காயவிடவும். காய்ந்ததும் மிசோவுக்குள் புதைத்து மூடி வைக்கவும். 1 வருடம் 2 மாதம் கழித்து வெளியே எடுத்துப் பார்க்கவும்.

சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதரைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்டதில் பெரும் பங்கு இந்தக் குறிப்புக்கு உண்டு. ஜப்பான்காரர்கள் இதை ‘மிசோ ஊறல் சோதனை’ என்ற பொருள்படும் பெயரில் அழைக்கிறார்கள். இது பிறந்தது அரசுத் தடயவியல் கூடத்தில் அல்ல. ஷிசுவோகா மாகாணத்தில் ஷிமிசு என்ற துறைமுக ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் சாதாரண மக்கள் நடத்திய ஓர் ஆதரவுக் குழுவில்.

மிசோ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சோயா பீன்ஸை வேகவைத்து மசித்து, உப்புச் சேர்த்து, பூஞ்சை ஏற்றிய அரிசியையோ பார்லியையோ கலந்து புளிக்கவைக்கும் விழுது அது. நம் இட்லி மாவுக்கு ஓர் இரவு போதும். மிசோவுக்கு மாதங்கள் வேண்டும், சில வகைகளுக்கு வருடங்கள். நாள் ஆக ஆக நிறம் கறுத்துக்கொண்டே போகும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1966 ஜூன் 30, விடியாத நேரம். ஷிமிசுவில் ஒரு மிசோ தொழிற்சாலை நிர்வாகியின் வீடு தீப்பிடித்து எரிந்தது. அணைத்துவிட்டு உள்ளே போனால் நிர்வாகி, மனைவி, மகள், மகன் என 4 பேரும் கத்திக்குத்துக் காயங்களோடு இறந்துகிடந்தார்கள். போலீசின் பார்வை தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை பார்த்த 30 வயது இவாவோ ஹகமாடா மீது விழுந்தது. அவர் முன்னாள் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர். 1960-ல் ஒரே ஆண்டில் 19 போட்டிகளில் மோதியவர். குத்துச்சண்டைக்காரன் என்றால் முரடன், முரடன் என்றால் கொலைகாரன் என்று கணக்குப் போட அந்தக் காலத்துப் போலீசுக்கும் பத்திரிகைகளுக்கும் அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 18-ல் கைது. நாளொன்றுக்குச் சராசரி 12 மணி நேரம் விசாரணை, சில நாட்களில் 16 மணி நேரத்தையும் தாண்டியது. சிறுநீர் கழிக்கக்கூட வெளியே விடாமல் அறைக்குள்ளேயே பாத்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து வெளிவந்த ஒலிநாடாக்களில் இதெல்லாம் பதிவாகியிருந்தது. 20-வது நாள் அவர் ஒப்புக்கொண்டார். நவம்பரில் நீதிமன்றத்துக்கு வந்ததும் மறுத்தார். அதற்குப் பிறகு மறுப்பதை நிறுத்தவே இல்லை.

கொலை செய்யும்போது அவர் பைஜாமா அணிந்திருந்தார் என்பது போலீசின் முதல் கதை. வாக்குமூலமும் அப்படித்தான் சொன்னது. ஆனால் பைஜாமாவில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ரத்தம், 4 பேரைக் குத்தியவனின் உடையில் இருக்கவேண்டிய ரத்தம் அல்ல. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. வழக்கு தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, 1967 ஆகஸ்ட் 31-ம் தேதி, தொழிற்சாலையின் 1-ம் எண் தொட்டியில் மிசோவை அள்ளிக்கொண்டிருந்த தொழிலாளியின் கையில் ஒரு சாக்குப் பை தட்டுப்பட்டது. உள்ளே 5 துணிகள்: சாம்பல் நிறச் சட்டை, வெள்ளை உள்சட்டை, கருநிறக் கால்சட்டை, நீளமான வெள்ளை உள்ளாடை, பச்சை ஜட்டி. எல்லாவற்றிலும் ரத்தம்.

கொலை நடந்து அப்போது 1 வருடம் 2 மாதம் ஆகியிருந்தது. கொலை நடந்த சில நாட்களிலேயே போலீஸ் தொழிற்சாலையைச் சல்லடை போட்டுச் சலித்திருந்தது. எந்தத் துணியும் அகப்படவில்லை. அன்றைக்கு அந்தப் பெரிய தொட்டியின் அடியில் மிச்சம் கிடந்தது சுமார் 80 கிலோ மிசோதான். ஜூலை 20-ல் அதன்மேல் டன் கணக்கில் புது மிசோ கொட்டப்பட்டது. ஆகவே, ஹகமாடாதான் ஒளித்துவைத்தார் என்றால் ஜூலை 20-க்கு முன்பே உள்ளே போட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு துணிகள் அந்த மிசோவின் அடியில் ஒரு வருடத்துக்கு மேல் ஊறியிருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

அரசுத் தரப்பு பைஜாமாவைக் கழற்றிவிட்டு இந்த 5 துணிகளை மாட்டிக்கொண்டது. 1968 செப்டம்பர் 11-ல் ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பை இன்று படித்தால் விநோதமாக இருக்கும். போலீஸ் விசாரணை நடந்த விதத்தை அது கண்டிக்கிறது, 45 வாக்குமூலங்களில் 44-ஐத் தள்ளுபடி செய்கிறது, மிச்சமுள்ள ஒன்றையும் துணிகளையும் வைத்துத் தூக்கு என்கிறது. ஒரு கை அடிக்கிறது, இன்னொரு கை எழுதுகிறது. ஏன் அப்படி என்பது தெரிய 39 வருடம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

மேல்முறையீட்டில் ஒரு நாடகமே நடந்தது. டோக்கியோ உயர் நீதிமன்றத்தில் ஹகமாடாவை அந்தக் கால்சட்டையை அணிந்துகாட்டச் சொன்னார்கள். தொடைக்கு மேல் ஏறவில்லை. 3 முறை அணியவைத்தார்கள், 3 முறையும் ஏறவில்லை. மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது, இவரும் சிறையில் குண்டாகிவிட்டார் என்றது அரசுத் தரப்பு. கால்சட்டையில் இருந்த ‘பி’ என்ற குறியீட்டைப் பெரிய அளவைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அது அளவு அல்ல, துணியின் நிறத்தைக் குறிப்பது என்று தயாரிப்பாளர் போலீசிடம் அப்போதே சொல்லியிருந்தார். அந்தக் காகிதம் அரசுத் தரப்பின் அலமாரியில் உறங்கியது. 1980-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது.

ஜப்பானில் தூக்குத் தண்டனைக் கைதிக்கு நாள் முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை. அன்று காலையில்தான் வந்து சொல்வார்கள். காவலரின் காலடிச் சத்தம் ஒவ்வொரு காலையும் எந்தக் கதவின் முன் நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஹகமாடாவின் மனம் அதில் மெல்லச் சிதைந்தது. அக்கா ஹிதெகோ மாதம் தவறாமல் ஹமமாட்சு நகரிலிருந்து டோக்கியோ சிறைக்குப் போவார். தனக்கு அக்காவே இல்லை என்று தம்பி பார்க்க மறுத்துவிட்டால் அப்படியே திரும்புவார். வருடக்கணக்கில் பார்க்காமலே திரும்பிய காலமும் உண்டு. கணக்கெழுதும் வேலை பார்த்த பெண், திருமணம் செய்துகொள்ளவில்லை. சில காலம் விஸ்கி இல்லாமல் தூங்க முடியாமல் இருந்ததைப் பின்னாளில் அவரே மறைக்காமல் சொன்னார். 60 வயதைத் தாண்டியபின் கடன் வாங்கி ஒரு அடுக்குமாடிக் கட்டடம் கட்டினார். தம்பி திரும்பி வந்தால் இருக்க வீடு வேண்டுமே.

1980-களில் ஆதரவுக் குழுக்கள் முளைத்தன. துண்டுப் பிரசுரம், கையெழுத்து இயக்கம், ரயில் நிலைய வாசலில் ஒலிபெருக்கி. இந்த மாதிரி இயக்கங்களை நெருங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் சில வருடங்கள் கூட்டம் வரும், பிறகு அதே 10 முகங்கள்தான். 2006-ல் ஜப்பான் தொழில்முறைக் குத்துச்சண்டைச் சங்கம் ஆதரவுக் குழு அமைத்தது புது ரத்தம் பாய்ச்சியது. எந்தத் தொழிலைக் காட்டி அவரைக் கொலைகாரராக்கினார்களோ, அந்தத் தொழில்காரர்கள் நேராக வந்து பக்கத்தில் நின்றார்கள்.

2007-ல் இன்னொரு அதிர்ச்சி. 1968-ல் தீர்ப்பளித்த 3 நீதிபதிகளில் ஒருவரான நொரிமிச்சி குமாமோட்டோ வாய் திறந்தார். ஹகமாடா நிரபராதி என்று எழுதத் தான் தயாராக இருந்ததாகவும், மற்ற இருவர் ஒத்துக்கொள்ளாததால் 2-க்கு 1 என்று தோற்றதாகவும், விருப்பமில்லாமலே மரணத் தீர்ப்பைத் தன் கையால் எழுத வேண்டி வந்ததாகவும் சொன்னார். மறு வருடமே நீதிபதி வேலையை விட்டவர் அவர். அடிக்கும் கையும் எழுதும் கையும் ஒரே கைதான் என்பது அப்போது புரிந்தது.

ஆனால் குமாமோட்டோவின் கண்ணீர் சட்டப்படி ஒரு சான்று அல்ல. ஜப்பானில் மறுவிசாரணை கேட்க ‘புதிய சான்று’ வேண்டும், தண்டனையை அசைக்கும் சான்று. 1981-ல் போட்ட முதல் மறுவிசாரணை மனு 27 வருடம் நடந்து 2008 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அடுத்த மாதமே ஹிதெகோ இரண்டாவது மனுவைப் போட்டார். அதோடு சேர்ந்து போன புதிய சான்றுகளில் ஒன்றுதான் நம் கதாநாயகன்.

ஷிமிசு, ஷிசுவோகா வட்டார ஆதரவுக் குழுவின் செயலர் தோஷிகி யமாசாகியும் தோழர்களும் கேட்டது வெகு எளிய கேள்வி. 1 வருடத்துக்கு மேல் மிசோவில் ஊறியது என்று சொல்லப்படும் துணியின் ரத்தக் கறையை 1967-ல் சோதித்தவர்கள் சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு நாள் ஊறினால் ரத்தம் சிவப்பாகவா இருக்கும்? ஊரே மிசோ தின்று வளர்ந்த ஊர். வீட்டுக்கு வீடு மிசோ உண்டு. ஊறவைத்துப் பார்த்துவிட்டால் போயிற்று.

அதே மாதிரித் துணிகளை வாங்கினார்கள். ஆதரவாளர்களின் ரத்தத்தையே எடுத்துத் தடவினார்கள். மிசோவில் புதைத்தார்கள்.

சோதனை இரண்டு முனைகளில் நடந்தது. முதலாவது, நீண்ட ஊறல். 1 வருடம் 2 மாதம் கழித்து வெளியே எடுத்தால் வெள்ளைத் துணி முழுதும் பழுப்பேறி மிசோ நிறத்துக்கே போயிருந்தது. ரத்தக் கறை கறுத்துக்கிடந்தது. எங்கே மிசோ, எங்கே ரத்தம் என்று பிரிப்பதே பாடு. இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தத் துணிகளைப் போலவே தோற்றமளிக்கும் துணியைத் தயாரிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? மிசோவையும் அதன் சாற்றையும் வைத்துச் செய்துபார்த்தார்கள். 20 நிமிடம். ஒரு வருட ஊறல் என்று நீதிமன்றம் நம்பிய தோற்றத்தை ஒரு குக்கர் சாதம் வேகும் நேரத்தில் உண்டாக்க முடிந்தது.

அதாவது, துணிகளைத் தொட்டியில் போட்டது 1966-ல் ஹகமாடா அல்ல. அவர் சிறையில் இருந்தபோது, கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், வேறு யாரோ.

அரசுத் தரப்பு சிரித்திருக்கும் என்று நினைக்கிறேன். சமையல்கட்டு விஞ்ஞானம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் சோதனைக்கு ஒரு துணை வந்து சேர்ந்தது. இரண்டாவது மனுவின்போது நீதிமன்றம் வற்புறுத்தியதில், அரசுத் தரப்பு அதுவரை வெளியே காட்டாத சான்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தது. மொத்தம் சுமார் 600. அவற்றில் 5 துணிகளின் வண்ணப் படங்களும் இருந்தன. 2010-ல்தான் அவை வழக்கறிஞர்கள் கைக்கு வந்தன. படத்தில் வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரிந்தது. ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது.

இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வாக்குமூலம் வாங்கியதில் அடி உதை இருந்திருக்கும், அது எல்லா நாட்டிலும் கேள்விப்பட்டதுதான். ஆனால் இந்தப் படங்கள் 40 வருடத்துக்கு மேல் ஓர் உறையில் இருந்தன. எடுத்துப் பார்க்கும் அதிகாரம் உள்ளவர்களும் இருந்தார்கள். மறுவிசாரணைக் கட்டத்தில் சான்றுகளைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று ஜப்பானியச் சட்டத்தில் அப்போது விதி இல்லை, ஆகவே காட்டவில்லை. அவ்வளவுதான்.

2014 மார்ச் 27. ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஹிரோஆகி முராயாமா மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். துணிகளை விசாரணை அதிகாரிகளே ஜோடித்திருக்கலாம் என்றார். இனியும் அடைத்துவைப்பது பொறுக்க முடியாத அநீதி என்று சொல்லி, அன்றே வெளியேவிடச் சொன்னார். 30 வயதில் உள்ளே போனவர் 78 வயதில் அக்காவோடு சிறை வாசலைத் தாண்டினார். அந்த உத்தரவில் மரபணுச் சோதனைக்கும் பங்கு இருந்தது. ஆனால் அதைப் பின்னாளில் மேல் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. நின்று தாக்குப்பிடித்தது மிசோதான்.

அதற்கும் சோதனை வந்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2018-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம் மறுவிசாரணையை ரத்து செய்தது. உங்கள் மிசோ வேறு, அந்தத் தொட்டியின் மிசோ வேறு, பழைய படங்களில் நிறமும் மாறியிருக்கும் என்பது அதன் வாதம். ஒரு வகையில் நியாயமான கேள்விதான். ஊறவைத்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லவே. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள் என்றது: மிசோவில் ஊறும் ரத்தத்தின் நிறம் எப்படி மாறும்?

ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்கும் கேள்வியாக ஆகிவிட்டது, ஷிமிசுவில் சிலர் கேட்ட கேள்வி.

இம்முறை வழக்கறிஞர்கள் விஞ்ஞானிகளிடம் போனார்கள். வடக்கே ஹொக்கைடோவில் உள்ள அசாஹிகாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் காரணத்தை அவிழ்த்துக் காட்டினார்கள். மிசோவில் உப்பு அதிகம், புளிப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வெளியே வந்த ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள், ஆக்சிஜனோடு சேர்ந்து உருமாறிச் சிதைகிறது. கூடவே புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பேறும் வினையும் நடக்கிறது. தோசையின் அடி முறுகிச் சிவக்கும் அதே வினைதான், இங்கே அடுப்பில்லாமல் மெல்ல நடக்கிறது. ஒரு வருடம் ஊறிய பிறகு சிவப்பு மிஞ்சாது.

அரசுத் தரப்பு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தாங்களே ஊறவைத்துக் காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். 2021 செப்டம்பரில் தொடங்கி, காற்றுப் புகாத பைகளில் மிசோவும் ரத்தத் துணியுமாக அடைத்து, 1 வருடம் 2 மாதம் காத்தார்கள். தொட்டியின் அடியில் ஆக்சிஜன் குறைவு, ஆகவே சிவப்பு மிஞ்சும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2022 நவம்பர் 1-ம் தேதி டோக்கியோவிலிருந்து நீதிபதிகள் ஷிசுவோகாவுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். கறை கறுத்திருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஓணானை 14 மாதம் வளர்த்து மடியில் விட்டுக்கொண்டார்கள்.

2023 மார்ச் 13-ல் உயர் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு வழிவிட்டது. அந்த அக்டோபரில் விசாரணை தொடங்கியது. ஹகமாடாவின் மனநிலை காரணமாக அவர் வரவேண்டியதில்லை என்று விலக்குக் கிடைத்தது. அவர் இடத்தில் 90 வயது ஹிதெகோ நின்று தம்பி நிரபராதி என்றார். அரசுத் தரப்பு கடைசிவரை விடவில்லை. 2024 மே மாதம், 88 வயதானவருக்கு மறுபடியும் மரண தண்டனையே கேட்டது.

2024 செப்டம்பர் 26. ஷிசுவோகாவில் நீதிபதி கோஷி குனிய் விடுதலை செய்தார். 3 ஜோடனைகள் என்று தீர்ப்புச் சொன்னது: வாக்குமூலம் ஒன்று, மிசோத் தொட்டியின் 5 துணிகள் ஒன்று, அந்தக் கால்சட்டையிலிருந்து வெட்டியதாகச் சொல்லி ஹகமாடாவின் பெற்றோர் வீட்டில் ‘கண்டெடுத்த’ துணித்துண்டு இன்னொன்று. இவ்வளவு காலம் பிடித்ததற்கு நீதிபதி ஹிதெகோவிடம் வருத்தம் தெரிவித்தார். அக்டோபரில் அரசுத் தரப்பு மேல்முறையீட்டைக் கைவிட்டது; தலைமை அரசு வழக்கறிஞர், ஜோடனை என்ற முடிவை மட்டும் தன்னால் ஏற்க முடியவில்லை என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டார். ஷிசுவோகா காவல்துறைத் தலைவர் வீட்டுக்கே வந்து தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

குமாமோட்டோ இதைப் பார்க்கவில்லை, 2020-ல் இறந்துவிட்டார். 2018-ல் அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது ஹகமாடாவையும் ஹிதெகோவையும் அங்கே அழைத்துப் போனார்கள். தீர்ப்பு எழுதியவரும் தீர்ப்பு வாங்கியவரும் நீதிமன்றத்துக்கு வெளியே சந்தித்தது அதுதான் முதல் முறை.

போருக்குப் பிந்திய ஜப்பானில் மரண தண்டனை உறுதியான பிறகு மறுவிசாரணை கிடைத்தவர்கள் ஹகமாடாவோடு சேர்த்து 5 பேர். 5 பேரும் விடுதலையானார்கள். மற்ற 4 பேரும் 1980-களிலேயே வெளியே வந்துவிட்டார்கள்.

2025 மார்ச்சில் ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றம் ஹகமாடாவுக்கு இழப்பீடு நிர்ணயித்தது: 21 கோடியே 73 லட்சத்து 62 ஆயிரத்து 500 யென். அடைபட்டிருந்த ஒவ்வொரு நாளுக்கும் 12,500 யென் என்று கணக்கு. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு அது. நாட்கள் 17,389.